கொடைக்கானல் ரிசார்ட்: இளவயசு ஸ்டாஃப் நிக்க மாட்டேங்கிறாங்க. சம்பளத்தை ஏத்துறதா, ரோஸ்டரை மாத்துறதா?

ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொடைக்கானல்ல 42 ரூம், ஒரு ரெஸ்டாரன்ட், சின்ன பேங்க்வெட் ஹால். ஸ்டாஃப்ல 19 பேர் 25 வயசுக்குக் கீழ. ஸ்டூவர்ட் (சர்வர்), ரூம் பாய், ஃப்ரண்ட் ஆபீஸ், காமி 3 (கிச்சன்ல ஆரம்ப நிலை குக்). கிராஸ் (பிடித்தத்துக்கு முந்தின மொத்தச் சம்பளம்) 15,500, அதுல 12,000-க்குத்தான் பிஎஃப் கணக்கிடுறோம். ரூம், சாப்பாடு நம்மது. ஒரு ரூமுக்கு ஆறு பேர். ரெஸ்டாரன்ட்ல பிரேக் ஷிப்ட், அதாவது காலையில பாதி வேலை, சாயங்காலம் மீதி. வீக் ஆஃப் முந்தின நாள் ராத்திரிதான் தெரியும். ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் ஆஃப் கிடையாது, காம்ப் ஆஃப்னு (ஈடா அப்புறம் கொடுக்கிற லீவு) எழுதி வச்சுப்போம்.

மூணு மாசத்துக்கு மேல யாரும் தாங்குறதில்ல. முதலாளி ஆளுக்கு 1,500 ஏத்தச் சம்மதிச்சிருக்கார். ஏத்தினா நிப்பாங்களா? இல்ல அந்தப் பணத்தை வேற எதுலயாவது போடணுமா? சீசனுக்கு முன்னாடி முடிவெடுக்கணும்.

பேரோல்

முதல்ல 1,500-க்குக் கணக்கு. பேசிக்ல ஏத்துறீங்கன்னு வச்சுப்போம். பையன்கிட்ட பிஎஃப் 12 சதவீதம் 180, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 11 ரூபாய் சொச்சம் போயிடும். கைக்கு வர்றது 1,308. உங்க பக்கம் பிஎஃப், நிர்வாகக் கட்டணம், இடிஎல்ஐ (பிஎஃப்போட வர்ற காப்பீடு) எல்லாம் சேர்த்து 13 சதவீதம் 195, இஎஸ்ஐ 3.25 சதவீதம் 49. ஆக ஆளுக்கு 1,744, 19 பேருக்கு மாசம் 33,136. இந்தத் தொகையை மனசுல வச்சுக்கிட்டு மீதியைப் பேசுவோம்.

ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வேலை. போன 12 மாசத்துல சேர்ந்த 25 வயசுக்குக் கீழான எல்லாரையும் ஒரு ஷீட்ல எழுதுங்க. சேர்ந்த தேதி, கடைசியா டூட்டிக்கு வந்த தேதி, டிபார்ட்மென்ட், யார் கீழ வேலை பார்த்தார். இந்த நாலும் போதும். அப்புறம் நாலு கட்டமாப் பிரிங்க: முதல் வாரம், 8–30 நாள், 31–90 நாள், அதுக்கு மேல.

முதல் வாரத்துல போறவன் ரூமையும் குளிரையும் பார்த்துட்டுப் போறான், இல்லேன்னா இன்டர்வியூல சொன்ன வேலை வேற, கொடுத்த வேலை வேற. 30 நாள்ல போறவன் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துட்டுப் போறான். யூனிஃபார்ம் டெபாசிட், ஷூ, மெஸ், உடைஞ்ச கிளாஸ்னு பிடித்தம் ஆகியிருக்கும், யாரும் முன்னாடி சொல்லியிருக்க மாட்டாங்க. 31–90 நாள்னா ரோஸ்டர், இல்லேன்னா அந்த ஷிப்ட் கேப்டன் (ஸ்டூவர்ட்களுக்கு மேல இருக்கிறவர்). ஒரே கேப்டன் பேர் திரும்பத் திரும்ப வந்தா அங்கேயே பதில் இருக்கு. 90 நாளுக்கு மேல போறவனுக்கு அடுத்த பதவி எப்பன்னு தெரியல, இல்லேன்னா துபாய் வேலை, கப்பல் வேலை.

1,500 ரூபாய் இந்த நாலாவது கட்டத்துக்கு ஓரளவு உதவும். முதல் மூணுக்கும் உதவாது.

லினன்ரூம்

ஹவுஸ்கீப்பிங் பக்கம் சொல்றேன். ஷிப்ட் 480 நிமிஷம். சாப்பாடு 30, ரெண்டு டீ 30, காலை ப்ரீஃபிங் 15, டிராலி அடுக்கி முடிக்க 30. மிச்சம் 375 நிமிஷம். செக் அவுட் ரூமுக்கு ஒழுங்காச் செஞ்சா 35 நிமிஷம், ஆள் தங்கியிருக்கிற ரூமுக்கு 22. செவ்வாய்க்கிழமை பாதிப் பாதின்னா 13 ரூம் வரைக்கும் முடியும். ஞாயித்துக்கிழமை எல்லாமே செக் அவுட். 375-ஐ 35-ஆல வகுங்க, பத்து ரூமுக்கு மேல வராது. ஆனா போர்டுல எல்லா நாளும் 14-னு எழுதியிருக்கும். 14 ரூமுக்கு 490 நிமிஷம் வேணும். அந்த ரெண்டு மணி நேரம் யார் கணக்கு?

அதனால ரூம் எண்ணிக்கையை விட்டுட்டு பாயின்ட் வைங்க. செக் அவுட் 1.5, ஸ்டே 1. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15–16 பாயின்ட். புதுசா வர்றவருக்கு முதல் வாரம் ஆறு ரூம், அதுவும் பழைய ஆளோட. ரெண்டாவது வாரம் எட்டு, மூணாவது பத்து, நாலாவது வாரம்தான் முழுக் கணக்கு. வந்த மூணாம் நாளே 14 ரூம் சாவியைக் கையில கொடுத்தா முதுகு பிடிச்சுக்கிட்டு ஊருக்குப் போறதுதான் நடக்கும்.

ரெண்டு விஷயம் மலை ரிசார்ட்டுக்குன்னே. காட்டேஜ் எல்லாம் படிக்கட்டு மேல இருந்தா டிராலி ஏறாது, பையன் லினன் மூட்டையைத் தோள்ல தூக்கணும். ஒவ்வொரு பிளாக்குலயும் ஒரு சின்ன அலமாரி போட்டு, ரெண்டு நாளைக்கு வேண்டிய ஷீட், டவல், சோப்பு வைங்க. இன்னொண்ணு, சமவெளியில 3 பார் (செட்) லினன் போதும்: ஒண்ணு கட்டில்ல, ஒண்ணு லாண்டரியில, ஒண்ணு அலமாரியில. மழை மாசத்துல கொடைக்கானல்ல துணி காயாது, 4 பார் இல்லாம ஓட்ட முடியாது. லினன் குறைஞ்சா என்ன ஆகும்? ரூம் பாய் லாண்டரி வாசல்ல நிப்பான், ரூம் லேட்டாகும், கெஸ்ட் லாபியில கத்துவார், ஃப்ரண்ட் ஆபீஸ் வாக்கியில அவனைத் திட்டும். தப்பு பர்சேஸ்ல, திட்டு அவனுக்கு. ராஜினாமாவுக்குப் பின்னாடி இருக்கிறது பல தடவை பெட்ஷீட்தான்.

தோசைக்கல்

அண்ணே, ரோஸ்டர், பாயின்ட் எல்லாம் ஸ்டார் ஹோட்டல் பேச்சு. மதுரைப் பக்கம் டிபன் கடைகள்ல பசங்க கேக்குறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, சம்பளம் வாராவாரம் வேணும், மேல பேட்டா தினம் கையில. 10-ம் தேதி வரைக்கும் காத்திருக்க இந்த வயசுப் பசங்க தயாரா இல்ல. ரெண்டு, கல்லுக்கு எப்ப விடுவீங்க?

ரெண்டாவதுதான் முக்கியம். டேபிள் கிளீனிங்ல இருக்குறவனை சட்னி, இட்லிப் பானை, வடைச் சட்டி, தோசைக்கல், பரோட்டான்னு வரிசையா ஏத்தணும். ஒவ்வொண்ணுக்கும் கூலி எவ்வளவு கூடும்னு சேரும்போதே சொல்லிடணும். காலைக் கூட்டத்துல பழக விடக்கூடாது. மூணரை மணிக்குக் கல்லு சும்மா இருக்கும்போது பத்து தோசை ஊத்தச் சொல்லுங்க, மாவு வீணாப் போனாலும் பரவாயில்ல. பழைய மாஸ்டர் சொல்லிக்கொடுக்க மாட்டார், தன் இடம் போயிடும்னு பயம். ஒரு ஆளைத் தேத்தினா மாஸ்டருக்கு இவ்வளவுன்னு தனியாக் கொடுங்க, அப்புறம் பாருங்க.

பேரோல்

தோசைக்கல் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். 20,000, 30,000 அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப் போடுற வழக்கம் இன்னும் இருக்கு. வேலைக்கும் ஆகாது, ஆபத்தும் கூட. கடன் தீரும் வரை போகக்கூடாதுன்னு ஆளை வச்சிருந்தா கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976 கேஸ் ஆகிடும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி லாக்கர்ல வைக்கிறதும் அதே ரகம்தான். விஷயம் தெரிஞ்ச பையன் சேரவே மாட்டான், தெரியாதவன் டூப்ளிகேட் வாங்கிட்டு ஓடிடுவான்.

கேப்டன்77

பிரேக் ஷிப்ட்டைப் பத்தி யாரும் பேசலியே. காலை 6:30–11:00, சாயங்காலம் 6:30–10:30. வேலை நேரம் எட்டரை மணி, சட்டப்படி சரி மாதிரி தெரியும். தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம், 1958 நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணின்னுதான் சொல்லுது. ஆனா பையனோட நாள் 16 மணி நேரத்துக்கு நீளுது. நடுவுல இருக்கிற ஏழரை மணி நேரத்துல ஊருக்கும் போக முடியாது, ஆறு பேர் ரூம்ல தூங்கவும் முடியாது. கையில போன் இருக்கும், அதுல வேற வேலை தேடுவான்.

நேர் ஷிப்ட் போடுங்க. ஏ ஷிப்ட் 6:30–3:30, பி ஷிப்ட் 1:30–10:30, நடுவுல சாப்பாடு. மதியச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு ரெண்டு ஷிப்ட்டும் சேர்ந்து இருக்கும். 42 ரூமுக்குக் காலை பஃபேல ஐந்து பேர் வேணும், பிரேக் ஷிப்ட்ல அதே ஐந்து பேர் ராத்திரியும் வருவாங்க. நேர் ஷிப்ட்டுக்குக் காலைக்கு ஒரு செட், ராத்திரிக்கு ஒரு செட் ஆள் வேணும், வீக் ஆஃப் ரிலீவர் தனி. உண்மையிலேயே ஆள் கூடும், மறைக்க வேண்டாம். முழுசா மாத்த வசதி இல்லேன்னா, ஒருத்தருக்கு வாரத்துல ரெண்டு பிரேக் ஷிப்ட்டுக்கு மேல கிடையாதுன்னு வைங்க, அந்த நாளைக்குத் தனி அலவன்ஸ் கொடுங்க.

ராத்திரி குளோசிங் பார்த்தவனைக் காலையில ஓப்பனிங்குக்குப் போடுறது அதை விட மோசம். 11:15-க்குப் பில் க்ளோஸ் பண்ணி, 5:45-க்கு எழுந்திருக்கணும். ரெண்டு ஷிப்ட்டுக்கு நடுவுல 11 மணி நேரம் இல்லேன்னா ரோஸ்டர்ல பேரே போடக்கூடாது. எக்செல்ல ஒரு ஃபார்முலா போட்டா அந்தக் கட்டம் சிவப்பாயிடும்.

பேரோல்

கூடுதல் நேரத்துக்கும் கணக்குப் போட்டுடறேன். 15,500-ஐ 26-ஆல, அப்புறம் 8-ஆல வகுத்தா மணிக்கு 74.50. ஓவர்டைம் இரட்டிப்பு, 149. தினம் ஒரு மணி நேரம் எழுதாம வேலை வாங்கினா மாசம் 3,875 ரூபாய். ஒரு கையால 1,308 கொடுத்துட்டு இன்னொரு கையால 3,875 எடுத்தா எவன் நிப்பான்?

மலைவாசி

கொடைக்கானலுக்கு இப்ப ஒரு வசதி இருக்கு, யாரும் பயன்படுத்துறதில்ல. ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-லேர்ந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ். 2025 ஏப்ரல்–ஜூன் சீசனுக்கு வார நாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000 வண்டின்னு வரம்பும் வச்சாங்க. வியாபாரத்துக்கு நல்லதா கெட்டதாங்கிற சண்டை இருக்கட்டும். வரம்பு இருக்கிற சீசன்ல ரோஸ்டர் போடுறவருக்கு இது நல்லது: கூட்டத்துக்கு ஒரு மேல் எல்லை தெரியும். சீசன்லயும் செவ்வாய், புதன், வியாழன்ல சுழற்சி முறையில ஆஃப் கொடுக்க முடியும். "ஏப்ரல்–ஜூன் ஆஃப் இல்ல" அப்படிங்கிறது பழக்கதோஷம். காம்ப் ஆஃப்னு எழுதி வச்சு ஜூலையில கொடுக்கலாம்னா, பையன் ஜூன்லயே போயிடுறான். எழுதினது எழுதினபடியே கிடக்கும்.

ரோஸ்டரை 14 நாளுக்கு முன்னாடி ஒட்டுங்க. வாட்ஸ்அப்ல மட்டும் போடாதீங்க, கேன்டீன் சுவர்ல பேப்பர் இருக்கணும். மாத்தணும்னா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மாத்திக்கட்டும்.

உள்ளூர்ப் பிள்ளைகளை எடுக்குறதுன்னா பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி, பண்ணைக்காடு பக்கம் தேடுங்க. ரூம் கேக்க மாட்டாங்க, குளிர் பழகினவங்க. ஆனா 10:30-க்கு முடியுற ஷிப்ட்டுக்கு அந்த ஊர்களுக்கு பஸ் இருக்காது. ஜீப் டிராப் இல்லாம பி ஷிப்ட் போட்டா வீட்டுல அனுப்ப மாட்டாங்க. பூண்டு அறுவடை நாள்ல வீட்டு வேலைக்கு லீவு கேப்பாங்க, அதை முதல்லயே ரோஸ்டர்ல எழுதிக்கோங்க.

ப்ளாட்ஃபார்ம்6

அசாம், மணிப்பூர், மிசோரம், ஜார்க்கண்ட், ஒடிசா பசங்க இருந்தா அவங்க லீவுக் கணக்கு வேற. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1-லேர்ந்து 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, திறந்த அன்னிக்கே ஸ்லீப்பர் தீர்ந்துடும். அதனால கிளம்புற தேதிக்கு 65 நாள் முன்னாடியே லீவு சேங்ஷனைக் கையில கொடுக்கணும். "பார்க்கலாம்"னு இழுத்தா டிக்கெட் கிடைக்காது. அப்புறம் சொல்லாமக் கொள்ளாமக் கிளம்புவாங்க, திரும்பி வரவும் கூச்சப்படுவாங்க.

அசாம் பையன் திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ்னா கோவையில ஏறணும், ஒரு வழிக்கே மூணு நாள். பத்து நாள் லீவு கொடுத்தா ஆறு நாள் ரயில்ல போயிடும். வருஷத்துக்கு ஒரே தடவையா 20–22 நாள் கொடுங்க. ரொங்காலி பிஹு ஏப்ரல் நடுவுல, உங்க சீசன் தொடக்கத்துல. மிசோரம், நாகாலாந்துப் பசங்களுக்குக் கிறிஸ்துமஸ், அதுவும் பீக். எல்லாரையும் விட முடியாதுன்னா இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் மீதின்னு பேர் போட்டு ஒட்டிடுங்க. முறை தெரிஞ்சா சண்டை வராது.

கேட்டரிங் வாத்தியார்

கல்லூரிப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு. ட்ரெய்னிங்குக்கு வர்ற மாணவர்களை நீங்க எப்படி நடத்துறீங்களோ, அதை வச்சுத்தான் அடுத்த பேட்ச் உங்ககிட்ட வேலைக்கு வருமா வராதான்னு முடிவாகுது. கிச்சன், எஃப் அண்ட் பி (சாப்பாடு பரிமாறுற பிரிவு), ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ் நாலையும் சுத்திப் பார்க்கணும்னு வந்த பிள்ளையை, ஆள் குறைன்னு முழுக் காலமும் பேங்க்வெட்ல தட்டு தூக்க விட்டா, அந்தச் செய்தி ஒரே ராத்திரியில கிளாஸ் குரூப்புக்குப் போயிடும். லாக்புக்ல வாரா வாரம் செஃப் கையெழுத்துப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்.

30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடம்னா அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) எடுக்கிறது கட்டாயம், மொத்த ஆளுல 2.5 முதல் 15 சதவீதம். நேஷனல் அப்ரென்டிஸ்ஷிப் திட்டத்துல ஸ்டைபெண்ட்ல 25 சதவீதம், மாசம் 1,500 வரைக்கும், அரசு பங்கு. ஏரிக்கரை சார், முதலாளிகிட்ட இதைச் சொல்லுங்க.

பதவி உயர்வுக்கு ஒரு தாள் போதும். காமி 3-லேர்ந்து காமி 2 ஆக என்னென்ன தெரியணும்னு 20 வரி. வெங்காயம் 10 கிலோ ஒரே அளவுல நறுக்கணும், மூணு மதர் சாஸ், ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் லாக், தேதி ஒட்டி சரக்கு சுத்துறது, இந்த மாதிரி. ஒவ்வொண்ணும் தேறினதும் சூஸ் செஃப் (தலைமை செஃபுக்கு அடுத்தவர்) டிக் போடட்டும். இருபதும் ஆனா, ஆறு மாசமானாலும் சரி எட்டு மாசமானாலும் சரி, அடுத்த மாசமே சம்பளம் மாறணும். "வேகன்ஸி வந்தா பார்க்கலாம்"னா அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடலாம்.

ரிசப்ஷன் மேடம்

பெண் பிள்ளைகளைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலை. ரிசப்ஷன்ல ஒன்பது மணி நேரம் நிக்கணுமா? தமிழ்நாட்டுல 2021-லயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22ஏ சேர்த்து உட்கார இடம் கொடுக்கணும்னு சொல்லியாச்சு. உயரமான ஸ்டூல் ரெண்டு கவுண்டருக்குப் பின்னாடி போட என்ன செலவு?

பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா பாலியல் தொல்லை புகாருக்கு உள்ளகக் குழு கட்டாயம். குழு இருக்குன்னு ஃபைல்ல மட்டும் இருந்தா போதாது. உறுப்பினர் பேரும் போன் நம்பரும் லாக்கர் ரூம்ல ஒட்டியிருக்கணும். குடிச்ச கெஸ்ட் வம்பு பண்ணினா கவுண்டரை விட்டு உள்ள போக அந்தப் பொண்ணுக்கு அனுமதி இருக்குன்னு முதல் நாளே சொல்லுங்க. டியூட்டி மேனேஜர் வந்து பேசட்டும். ராத்திரி பத்துக்கு மேல ரூம் சர்வீஸுக்கு ஒத்தை ஆளை அனுப்பாதீங்க, பையனா இருந்தாலும் சரி.

பில் கட்டாம ஓடின டேபிளுக்கு ஸ்டூவர்ட் சம்பளத்துல பிடிக்கிற வழக்கத்தையும் நிறுத்துங்க. விளக்கம் கேக்காம அப்படிப் பிடிக்கச் சட்டமும் விடாது.

கேப்டன்77

டிப்ஸ் விஷயம். சர்வீஸ் சார்ஜைத் தானா பில்ல சேர்க்கக் கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி ஹைகோர்ட் 2025 மார்ச் 28-ல அது சரின்னுடுச்சு. அதை நம்பி மாசச் சம்பளம் பேசின இடங்கள்ல ஸ்டாஃப் வருமானம் விழுந்திருக்கு. யுபிஐ வந்தப்புறம் கையில டிப்ஸும் குறைவு. பில் ஃபோல்டர்ல தனி க்யூஆர் வைங்க, ஆனா அது ஸ்டாஃப் வெல்ஃபேர் அக்கவுண்டுக்குப் போகணும். ஓனர் அக்கவுண்டுக்குப் போற க்யூஆரை எந்தப் பையனும் கெஸ்ட்கிட்ட நீட்ட மாட்டான்.

பிரிக்கிறது பாயின்ட்ல. கேப்டன் 1.5, ஸ்டூவர்ட் 1, காமி 0.75, பாத்திரம் கழுவுறவர் 0.5. ரெண்டு கேப்டன், ஆறு ஸ்டூவர்ட், நாலு காமி, ரெண்டு பாத்திரம்னா மொத்தம் 13 பாயின்ட். வாரத்துல 11,700 வந்தா பாயின்ட்டுக்கு 900. ஸ்டூவர்ட்டுக்கு 900, பாத்திரம் கழுவுற தம்பிக்கு 450. திங்கட்கிழமை காலையில தொகையோட போர்டுல எழுதிக் கொடுத்துடணும். ரூம் பாய்க்கு ரூம்ல வைக்கிற டிப்ஸ் அவனுக்கே, இதுல கலக்காதீங்க.

ஏரிக்கரை

ஷீட் போட்டுப் பார்த்துட்டேன். பெரும்பாலும் 31–90. அதுலயும் ரெஸ்டாரன்ட்தான் முக்கால்வாசி. முதல் வாரத்துல போனவங்களும் இருக்காங்க, அவங்க எல்லாம் நவம்பர்–ஜனவரியில சேர்ந்தவங்க. 33,000-க்குள்ள எதை முதல்ல செய்யலாம்? துபாய், கப்பல்னு போறவங்களை எப்படி நிறுத்துறது?

பேரோல்

ஒரு ஸ்டூவர்ட் கூடுதலா எடுங்க. கிராஸ் 15,500, பிஎஃப் 1,560, இஎஸ்ஐ 504, ஆக 17,564, சாப்பாடு தனி. அதோட குளோசிங்–ஓப்பனிங் சேர்க்கை நின்னுடும், பிரேக் ஷிப்ட் வாரத்துக்கு ரெண்டுல அடங்கும். மிச்சம் 15,500 சொச்சத்துல ஜீப் டிராப், பிரேக் அலவன்ஸ். மூணு மாசம் கழிச்சு அதே ஷீட்டை மறுபடி போட்டுப் பாருங்க. 31–90 குறையலேன்னா கேப்டனை மாத்துங்க.

கப்பலுக்குப் போறவனை நிறுத்த முடியாது, முயற்சியும் வேண்டாம். கான்ட்ராக்ட் ஆறிலேர்ந்து ஒன்பது மாசம், முடிஞ்சு வீட்டுக்கு வருவான். போகும்போது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கொடுங்க, கணக்கை முடிச்சுக் கொடுங்க. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்புப்படி அதுக்கு ரெண்டு வேலை நாள்தான் டைம். 45 நாள் இழுத்தா அவனும் திரும்பி வர மாட்டான், அவனோட ஃப்ரெண்ட்ஸும் உங்ககிட்ட வர மாட்டாங்க.

தோசைக்கல்

ஒரு ஆளை எடுத்துட்டு மத்த 18 பேருக்கு ஒண்ணும் இல்லையா? சரிப்படாது. அடுத்த வருஷம் ஏத்துறோம்னாவது தேதியோட எழுதிக் கொடுங்க. சம்பளம் 1-ம் தேதியே போடுங்க, அதுக்குச் செலவே இல்ல.

லினன்ரூம்

நவம்பர்–ஜனவரியில முதல் வாரத்துல போனவங்களுக்குக் காரணம் தேட வேண்டாம். ஆறு பேருக்கு ஒரு 15 லிட்டர் கீசரா?

ஏரிக்கரை

ஆமா மேடம், 15 லிட்டர்தான். பாதி நாள் சூடு பத்தாது.

லினன்ரூம்

நாலு பேருக்கு ஒரு ரூமாக் குறைங்க. 50 லிட்டர் கீசர், அல்லது பொதுவா ஒரு ஹீட் பம்ப். ஏ ஷிப்ட் ஆள் 5:30-க்குக் குளிக்கணும், 4:45-க்கே ஆன் ஆகுற மாதிரி டைமர். ஆளுக்கு ரெண்டு கம்பளி, பூட்டோட லாக்கர், யூனிஃபார்ம் மூணு செட், ஏன்னா குளிர் மாசத்துல ரெண்டு செட் காயாது. வழுக்காத ஷூ நீங்களே வாங்கிக் கொடுங்க, சம்பளத்துல பிடிக்காதீங்க. எல்லாமே ஒரு தடவைச் செலவு, மாச பட்ஜெட்ல வராது. கெஸ்ட் ரூம் ரெனோவேஷன் பில்லோடயே சேர்த்து முதலாளிகிட்ட கையெழுத்து வாங்கிடுங்க.